எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்ச்: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்தபின்

எங்கள் வேலை புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுவது. ஆறு பேர், ஆறு கணினி, ஒரு பிரிண்டர், எல்லாருடைய ஃபைல்களும் பொதுவாக இருக்க இரண்டு டிஸ்க் போட்ட ஒரு சேமிப்புப் பெட்டி. இத்தனையையும் கோத்துவைத்திருப்பது சுவர் அலமாரியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன உலோகப் பெட்டி. எட்டு போர்ட் (கேபிள் செருகும் துளை), ஒரு அடாப்டர், அவ்வளவுதான். ஃபேன் கிடையாது, ஆன்-ஆஃப் பொத்தான் கிடையாது, உள்ளே போய் மாற்ற எந்த அமைப்பும் கிடையாது. 'அன்மேனேஜ்டு ஸ்விட்ச்' என்று விற்பார்கள்.

தயாரிப்பாளர் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. அலுவலகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று, நண்பருக்கு வாங்கிக் கொடுத்தது ஒன்று என மூன்று வெவ்வேறு பெயர்களில் இந்த வகையைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். வேலை செய்வதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசமெல்லாம் அதில் செருகும் கேபிளில்தான் இருந்தது. அதனால் இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் கேபிளைப் பற்றித்தான் இருக்கும்.

இது வருவதற்கு முன் எல்லாம் வைஃபைதான். இன்டர்நெட் கொடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போன ரவுட்டர் முன்னறையில், நாங்கள் நான்கு பேர் உள்ளறையில். மெயில் பார்க்க, தேட அது போதும். ஆனால் எங்கள் ஃபைல்கள் பெரியவை. படங்கள் நிறைந்த புத்தகம் ஒன்று 4 ஜிபியைச் சாதாரணமாகத் தொடும். அதை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு வைஃபையில் அனுப்பினால், முதலில் ரவுட்டர் வரை காற்றில் போகிறது, பிறகு அங்கிருந்து மறுபடி காற்றில் திரும்பி வருகிறது. ஒரே அலைவரிசையில் ஒவ்வொரு துண்டும் இரண்டு முறை பயணம். அந்த நேரத்தில் மற்ற எல்லாரும் தங்கள் முறைக்காகக் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இதற்குப் பயந்தே எல்லாரும் பென் டிரைவுக்குப் போய்விட்டார்கள். விளைவு, ஒரே அத்தியாயத்துக்கு 'இறுதி', 'இறுதி2', 'சரியான இறுதி' என மூன்று ஃபைல். பிழை திருத்தாத பதிப்பு ஒன்று அச்சுக்குப் போகவிருந்ததைக் கடைசி நாளில் பிடித்தோம். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், ஃபைல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், எல்லாரும் அங்கேயே திறந்து அங்கேயே சேமிக்க வேண்டும் என்று.

அதற்கு வயர் வேண்டும். ஒரு ஆளைக் கூப்பிட்டு எல்லா மேஜைக்கும் கேபிள் இழுக்கச் சொன்னோம். ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். பார்க்கச் சுத்தமாக இருந்தது. அப்போது ரவுட்டரில் இருந்த நான்கு போர்ட்டுகளும், பழைய 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) ஸ்விட்ச் ஒன்றும் வைத்து ஓட்டினோம். அதைப் போலப் பத்து மடங்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ் போகும் கிகாபிட் ஸ்விட்ச் வாங்கியது சில மாதம் கழித்து.

பெட்டியைப் பிரித்து, பழையதைக் கழற்றி, கேபிள்களைப் புதியதில் மாற்றிச் செருக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் ஏதாவது ஒரு போர்ட்டில். மீதி போர்ட்டுகளில் கணினிகளும் சேமிப்புப் பெட்டியும். எந்த போர்ட்டில் எது என்ற கணக்கு இல்லை. அந்தக் காலத்தில் கணினிக்கும் கணினிக்கும் இடையே 'கிராஸ்' கேபிள் தனியாக வேண்டும் என்று சொல்வார்கள். இப்போது கருவியே கண்டுபிடித்து மாற்றிக்கொள்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் சிலர் இதுதான் இன்டர்நெட் தரும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஸ்விட்ச் எதையும் தராது. ஒவ்வொரு கருவிக்கும் நெட்வொர்க்கில் ஒரு முகவரி கொடுப்பதும் இன்டர்நெட் கொடுப்பதும் ரவுட்டரின் வேலை. எந்த போர்ட்டில் எந்தக் கருவி இருக்கிறது என்பதைக் கற்றுக்கொண்டு, வருவதைச் சரியான போர்ட்டுக்கு மட்டும் அனுப்புவதுதான் இதன் வேலை. இரண்டு பேர் தங்களுக்குள் பெரிய ஃபைலை மாற்றிக்கொண்டிருந்தால் மூன்றாமவருக்கு அது தெரியவே தெரியாது.

செருகி முடித்ததும் விளக்குகளைப் பார்த்தேன். இந்தப் பெட்டியில் எனக்குப் பிடித்ததே இந்த விளக்குகள்தான். 1000 எம்பிபிஎஸ் கிடைத்தால் பச்சை, 100-தான் கிடைக்கிறது என்றால் மஞ்சள். எந்தக் கணினியையும் திறக்காமல், நின்ற இடத்திலிருந்து எல்லாருடைய கேபிளின் உடல்நிலையும் தெரிந்துவிடும். (எந்த நிறத்துக்கு எந்த வேகம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் நிறம் மாறாமல் இரண்டு விளக்கு எரியும். வாங்கும்போது வேகத்தைத் தனியாகக் காட்டும் விளக்கு இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள்.)

எனக்கு இரண்டு விளக்கு மஞ்சளில் எரிந்தது. பெட்டி பழுது என்று நினைத்து அந்த இரண்டு கேபிளையும் வேறு போர்ட்டுக்கு மாற்றினேன். மஞ்சள் கேபிளோடு கூடவே போனது. அப்படியானால் குறை கேபிளில்தான்.

முனையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்கும் அந்த பிளாஸ்டிக் கனெக்டருக்குள் எட்டுக் கம்பி தெரிய வேண்டும். நான்குதான் இருந்தது. பக்கத்து மேஜைக் கேபிளிலும் நான்கு. சுவரில் வைத்த குழாயைத் திறந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. இரண்டு மேஜைக்கும் ஒரே கேபிள். கேபிள் இழுத்தவர் எட்டுக் கம்பியை நான்கு நான்காகப் பிரித்து இரண்டு இணைப்பு கொடுத்திருக்கிறார். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு முனைகள் போதும் என்பதால் பழைய ஸ்விட்சில் இது ஓடிக்கொண்டிருந்தது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும், அதாவது எட்டுக் கம்பியும் வேண்டும். இப்படிப்பட்ட கேபிளில் சில கருவிகள் தாமாகவே 100-க்கு இறங்கிக்கொள்ளும், சில இணைப்பே கொடுக்காமல் விழுந்து விழுந்து எழும். எங்களுடையது இறங்கிக்கொண்டது.

எண்ணிக்கையில் சொன்னால்தான் இதன் கனம் புரியும். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். கையில் கிடைப்பது 11 அளவில். 4 ஜிபி ஃபைலுக்கு ஆறு நிமிடம். கிகாபிட்டில் கையில் கிடைப்பது நொடிக்கு 110 மெகாபைட் அளவில். அதே ஃபைல் நாற்பது நொடிக்குள் வந்துவிடும். எங்கள் பக்க வடிவமைப்புத் தம்பி ஒரு நாளைக்குப் பத்து முறை இப்படித் திறந்து மூடுகிறவர். அவருக்கு வந்ததும் அந்த மஞ்சள் விளக்குக் கேபிள்தான்.

கேபிள் இழுத்தவரைத் திரும்பக் கூப்பிடாமல் நானே கேபிள் போடக் கற்றுக்கொண்டேன். கனெக்டரைக் கேபிளில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி, கேட் 6 என்ற தரத்தில் கேபிள் ஒரு சுருள், கனெக்டர் ஒரு பை, விளக்கு எரிந்து காட்டும் டெஸ்டர் ஒன்று. கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு, உறையில் அச்சடித்திருப்பதையும் படியுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய 'சிசிஏ' என்ற வகையும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். மின்தடை கூடுதல், வளைத்தால் சீக்கிரம் ஒடியும், கேட் 6 தரத்துக்குள் அது வராது. கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். எங்கள் சுவரிலிருந்து உருவி எடுத்ததைச் சுரண்டிப் பார்த்தேன். வெள்ளை.

கனெக்டர் போடுவது விரலுக்குப் பழக வேண்டிய வேலை. மேலுறையை உள்கம்பியில் கீறல் படாமல் இரண்டு விரல்கடை அளவுக்கு உரிக்க வேண்டும். ஒன்றோடொன்று முறுக்கிய நான்கு ஜோடி வெளியே வரும். முறுக்கைப் பிரித்து, விரலால் நீவி நேராக்கி, வரிசையாக அடுக்க வேண்டும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பிறகு நுனியைச் சமமாக வெட்டி, கனெக்டரின் தாழ்ப்பாள் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளே தள்ள வேண்டும். எட்டு நுனியும் கடைசிச் சுவரில் முட்டி நிற்பது முன்பக்கத்திலிருந்து எட்டுச் செம்புப் புள்ளியாகத் தெரியும். தெரியவில்லையென்றால் அழுத்தக் கூடாது, வெளியே எடுத்து மறுபடி வெட்ட வேண்டும். மேலுறையும் கனெக்டருக்குள் கொஞ்சம் நுழைந்திருக்க வேண்டும். கிரிம்ப் பண்ணும்போது பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் பல் அந்த உறையைத்தான் கவ்விப் பிடிக்கிறது. கம்பியை மட்டும் கவ்வினால் நான்கு முறை இழுபட்டதும் கழன்றுவிடும்.

அந்த வரிசையில் பச்சை ஏன் நீலத்தைத் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு முதலில் புரியவில்லை. வெள்ளை-பச்சைக்கு அடுத்து பச்சை என்று ஒழுங்காக வைத்தால் என்ன என்று தோன்றியது. அப்படியே ஒரு கேபிள் போட்டும் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே வரிசை, டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக விளக்கு எரிந்தது. ஆனால் கணினியில் போட்டால் ஃபைல் நகலெடுக்கும்போது நடுநடுவே நின்று நின்று போகிறது. காரணம் அந்த முறுக்கில் இருக்கிறது. ஒரு ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒரே சமிக்ஞை எதிரெதிராகப் போகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுவதால், மறுமுனையில் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போகும். 3-வது முனையும் 6-வது முனையும் ஒரு ஜோடி. நான் வைத்த வரிசையில் 3-ல் வெள்ளை-பச்சையும் 6-ல் நீலமும் வந்துவிட்டது. வெவ்வேறு முறுக்கில் இருக்கும் இரண்டு கம்பி ஜோடியாக நடிக்கும்போது இரைச்சல் அடிபடாது, பக்கத்து ஜோடியின் பேச்சும் உள்ளே ஏறும். விளக்கு டெஸ்டர் கம்பி இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், எது எதோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இதே காரணத்துக்காகத்தான் முனையில் முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்கக் கூடாது என்கிறார்கள். 13 மில்லிமீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லா மேஜைக்கும் புதுக் கேபிள் போட்டேன். மின்சார வயரோடு ஒரே குழாயில் போனதைத் தனியாகப் பிரித்தேன். 100 மீட்டர் வரை போகலாம் என்பது விதி, எங்கள் நீளமான கேபிளே அதில் நான்கில் ஒரு பங்கு வராது. சாயங்காலம் எல்லா விளக்கும் பச்சை. திங்கட்கிழமை காலையில் வந்த தம்பி அவருடைய பெரிய ஃபைலைத் திறந்துவிட்டு, "அண்ணா, இது முழுசா வந்துடுச்சா, இல்ல பாதிதானா?" என்று கேட்டார்.

இனி இந்தப் பெட்டியின் குறை. இது பெரிய குறை, வாங்குகிறவர்கள் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நாங்கள் ஐந்து பேர்தான், ஸ்விட்சில் ஒரு போர்ட் காலி. எங்கள் பிழைதிருத்தும் அக்கா லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போவார். அவர் மேஜை ஸ்விட்ச் வைத்த அலமாரிக்கு நேர் கீழே. அவர் கிளம்பினால் கேபிளின் நுனி மேஜையில் தொங்கும். ஒரு நாள் மாலை சுத்தம் செய்தவர், அந்த நுனி தூசியில் கிடக்கிறதே என்று நல்ல எண்ணத்தில் எடுத்து, மேலே காலியாக இருந்த போர்ட்டில் செருகிவிட்டார். ஒரே கேபிளின் இரண்டு முனையும் இப்போது ஒரே ஸ்விட்சில்.

சில நொடியில் எல்லாம் நின்றுவிட்டது. இன்டர்நெட் இல்லை, சேமிப்புப் பெட்டி தெரியவில்லை, பிரிண்டர் தெரியவில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கம்கூடத் திறக்கவில்லை. இன்டர்நெட் போய்விட்டது என்று நினைத்து ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். மறுநாள் காலையில் அச்சகத்துக்கு ஃபைல் போக வேண்டும். வியர்த்துவிட்டது. கடைசியில் அலமாரிப் பக்கம் திரும்பியபோதுதான் கவனித்தேன், எல்லா விளக்கும் ஒரே தாளத்தில், ஒரே நேரத்தில், இடைவெளியே இல்லாமல் துடித்துக்கொண்டிருந்தது. வழக்கமாக ஒவ்வொன்றும் அதனதன் போக்கில் மினுக்கும். அந்தக் கேபிளைப் பிடுங்கினேன். இரண்டு மூச்சு விடுவதற்குள் எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

நடந்தது இதுதான். 'இந்த முகவரி யாருடையது?' என்பது போன்ற கேள்விகளைக் கணினிகள் எல்லாருக்கும் பொதுவாக அனுப்பும். ஸ்விட்ச் அதை எல்லா போர்ட்டுக்கும் அனுப்பும். வளையமாகக் கேபிள் இருந்தால், அனுப்பியது மறுபடி உள்ளே வரும், மறுபடி எல்லாருக்கும் போகும். இத்தனை முறைக்கு மேல் சுற்றினால் செத்துப்போ என்று சொல்லும் கணக்கு ஈதர்நெட் சட்டகத்தில் (கேபிளில் போகும் தகவல் துண்டில்) கிடையாது. அதனால் அது பெருகிப் பெருகி வயர் முழுவதையும் அடைத்துவிடும். உள்ளே போய் அமைப்பை மாற்ற முடிகிற மேனேஜ்டு ஸ்விட்சுகள், அந்த வசதியைப் போட்டு வைத்திருந்தால், வளையத்தைக் கண்டுபிடித்து ஒரு போர்ட்டை மூடிவிடும். இந்தச் சின்னப் பெட்டிக்கு அது தெரியாது. இதே அளவில், வளையத்தைக் கண்டுபிடிக்கும் வசதியோடு சில மாடல்கள் வருகின்றன. இப்போது வாங்குவதாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன். இருக்கும் பெட்டிக்கு நான் செய்தது, ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதி ஒட்டியது, காலி போர்ட்டுக்கு ரப்பர் மூடி போட்டது.

மற்றபடி நெட்வொர்க்கில் எங்களுக்கு வந்த தொந்தரவு எதற்கும் ஸ்விட்ச் காரணமில்லை. ஆனால் திட்டு வாங்குவது எப்போதும் அதுதான் என்பதால் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, "அண்ணா, பிரிண்டர் காணோம்" என்று வாரம் ஒருமுறை வரும் குரல். ரவுட்டர் முகவரிகளைத் தவணைக்குத்தான் கொடுக்கிறது. பிரிண்டரை அணைத்துப் போட்டால் அதற்கு வேறு முகவரி கிடைக்கலாம், கணினிகள் பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் அமைப்பில் பிரிண்டருக்கும் சேமிப்புப் பெட்டிக்கும் முகவரியை ஒதுக்கிவைத்தேன், 192.168.1.50 பிரிண்டருக்கு, 192.168.1.51 சேமிப்புப் பெட்டிக்கு. அதோடு அந்தக் குரல் நின்றது.

இன்னொன்று, உள்ளறையில் வைஃபை பலவீனம் என்று வீட்டிலிருந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து செருகியது. அதுவும் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. யாருக்கு எது முதலில் பதில் சொல்கிறதோ அதன் முகவரி. பாதிப் பேர் ஒரு தெருவில், பாதிப் பேர் வேறு தெருவில். பழைய ரவுட்டரில் டிஎச்சிபியை (முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, கேபிளை அதன் வேன் போர்ட்டில் (இன்டர்நெட் வரும் போர்ட்) செருகாமல் லேன் போர்ட்டில் (உள்ளே இருக்கும் கருவிகளுக்கான போர்ட்) செருகினால் அது வெறும் வைஃபை கருவியாக ஒழுங்காக இருக்கும்.

மின்சாரம் இது தின்பது சில வாட்தான். ரவுட்டர், சேமிப்புப் பெட்டி, இது மூன்றையும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் போட்டிருக்கிறேன், கரண்ட் போனாலும் சேமித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. தொட்டால் இளஞ்சூடு, அதற்கு மேல் போனதில்லை. இரண்டு வருடத்தில் இதுவாக வேலை நின்றுபோய் அணைத்துப் போட வேண்டி வந்தது ஒருமுறைகூட இல்லை. சேமிப்புப் பெட்டியில் இரண்டு டிஸ்கிலும் ஒரே தகவல் இருப்பதைக் காப்புப் பிரதி என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். ஒன்றில் அழித்தால் இரண்டிலும் அழியும். வெள்ளிக்கிழமைதோறும் தனி டிஸ்கில் நகலெடுத்து வெளியே எடுத்துப் போகிறோம்.

என் ஒரே வருத்தம் எட்டு என்று வாங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர், சேமிப்புப் பெட்டி, ரவுட்டருக்கு ஒன்று. எட்டு முடிந்துவிட்டது. பிரிண்டருக்கு இடமில்லாமல் அது ரவுட்டரின் போர்ட்டில் தொங்குகிறது. அடுத்த மாதம் ஏழாவது ஆள் வருகிறார். இருக்கும் கருவிகளை எண்ணி, அதை இரண்டால் பெருக்கி வாங்கியிருக்க வேண்டும். பதினாறு போர்ட் ஒன்று எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, இந்த எட்டை உள்ளறைக்கு மாற்றப் போகிறேன். இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு கேபிள். அதை நேற்றே போட்டுவிட்டேன், இரண்டு முனையிலும் 17 என்று எழுதி ஒட்டியாயிற்று.